முக்கால் திறப்பு

மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது.
சும்மா நின்று முனகும்வரை குறை சொல்ல ஒன்றுமில்லை.
கைப்பிடியைத் திருகினால்தான்
ஒரு விக்கல், ஒரு கம்மல்.
பேர் சொல்லிக் கூப்பிட்டும்
எழுந்துவர மனமில்லாதவன்போல
நான் எட்டு எண்ணிய பிறகு மெல்ல ஏறுகிறது வேகம்.

எமரால்டு அணை. மின்வாரியப் படகு.
இருபத்தைந்து குதிரை, டூ ஸ்ட்ரோக்,
தூத்துக்குடியில் உப்பு தின்று தேய்ந்து
டெண்டரில் மலையேறிய இன்ஜின்.
"ஒன்பது நிமிஷத்துல அக்கரை போகணும்,
இருபது ஆகுது" என்ற பொறியாளர் ஹெலன்
ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.
படகோட்டி போஜன் மட்டும்
கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு
தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் டாங்க் மூடியின் மூச்சுத் துளை. திறந்துதான் இருந்தது.
ரப்பர் குமிழை அமுக்கிக்கொண்டே முடுக்கச் சொன்னேன்.
மாற்றமில்லை; ஆக, பம்ப்பில் பழுதில்லை.
பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து
சீகை மரத்தடியில் வைத்தேன் ஒரு பீடி நேரம்.
அடியில் முத்துப்போல் ஒரு சொட்டுத் தண்ணீர்.
இந்தப் பனியில் எந்த டாங்க்தான் வியர்க்காது?
வடித்துக் கொட்டினேன். அதே விக்கல்.

பிளக்கைக் கழற்றியபோதுதான் வாய் திறந்தது.
இரண்டும் கரி. ஈரக் கரி.
கடலோரத்தில் அளந்து வைத்த சாப்பாடு;
ஆறாயிரம் அடிக்கு மேலே காற்று மெலிந்த பின்னும்
அதே அகப்பையால் ஊற்றுகிறது கார்புரேட்டர்.
பாவம், தொண்டைவரை பெட்ரோல்.
தீப்பெட்டியில் கொண்டுவந்த ஜெட்களில்
இரண்டு எண் சிறியதை எடுத்தேன்.
மரத்த விரலிலிருந்து அது நழுவி
பலகை இடுக்கில் விழுந்து
அரைமணி நேரம் குப்புறப் படுத்துத் தேடியதற்கு
பில்லில் இடமில்லை.

விக்கல் நின்றது.
ஆனாலும் முழுத் திருகலுக்கு முழு வேகம் வரவில்லை.

மூடியை மறுபடி கழற்றினேன்.
ஒரு கையில் கைப்பிடி, மறு கையில் டார்ச்.
கைப்பிடி கடைசிவரை போகிறது.
உள்ளே காற்றுக் கதவு முக்காலில் நிற்கிறது.
கேமுக்குப் பின்னால்
பித்தளையில் ஒரு திருகாணி. கம்பெனி வைத்ததில்லை.
தலையை அரத்தால் ராவி
இன்ஜினின் அதே சாம்பல் பெயின்ட்டைத்
தொட்டு வைத்திருந்தது, அவசரமில்லாத ஒரு கை.

நான் நிமிரவில்லை.
"அது இருக்கட்டும்ங்க" என்றார் போஜன்.

பிறகு, கேட்காமலே:
"போன தை மாசம். நல்ல மூடுபனி.
அணைச்சுவர்ப் பக்கமிருந்து ஃபுல்லா வந்தேன்.
எதிர்ல பரிசல். இடிக்கலைங்க. அலைதான்.
முட்டைக்கோஸ் எல்லாம் மிதந்துச்சுங்க."
அவ்வளவுதான்.
பரிசலில் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை.

திருகாணியைக் கழற்றி ஓட்டிப் பார்த்தேன். அது என் தொழில்.
படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது.
அக்கரைக்கு எட்டரை நிமிடம்.
இன்ஜினை நிறுத்தித் திரும்பிப் பார்த்தால்
நாங்கள் கிழித்த தண்ணீர்
இரு கரைக்கும் நடந்துபோய்
மண்ணை அறைந்துகொண்டிருந்தது,
வெகு நேரம்.
போஜன் முன்பலகையில்
கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் பதிவேட்டில் எழுதினேன்:
ஜெட் மாற்றப்பட்டது. பிளக் புதிது, இரண்டு.
அக்கரைக்குப் பன்னிரண்டு நிமிடம்.
இந்த உயரத்தில் இதற்குமேல் இன்ஜினிடம் கேட்கக் கூடாது.

ஊட்டி பஸ் லவ்டேல் பக்கம் திரும்பும்போது
சட்டைப்பையில் தீப்பெட்டி குலுங்கியது.
உள்ளே பழைய ஜெட் மட்டும்தான்.